ஜெர்மன் ராணுவப் பதக்கங்கள்: வாங்கவும் வீட்டில் வைக்கவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் வாங்கிய முதல் ஜெர்மன் பதக்கத்தைக் கெடுத்தது நானேதான். 1914-ஆம் வருடத்து இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு. ஓரத்து வெள்ளி கறுத்துப் போயிருந்தது. வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுத்தால் வீட்டில் விபூதி போட்டுத் தேய்ப்போமே, அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது. பத்து நிமிடத்தில் வெள்ளி பளபளவென்று ஆனது. கூடவே நடு இரும்பின் கறுப்புப் பூச்சும் மேடான இடங்களிலெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அந்தக் குளிர்காலம் முழுக்க அதை நிலவறை அலமாரியில் வைத்திருந்தேன். வசந்தத்தில் எடுத்துப் பார்த்தால், சிலுவையின் மேல் கையில் உள்ள கிரீடம், நடுவில் உள்ள டபிள்யூ எழுத்து, கீழே ஆண்டு என்று தேய்த்த இடமெல்லாம் செம்பழுப்புத் துரு.

பழைய பதக்கம் கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. தேய்க்காதீர்கள், நாடாவைக் கழற்றாதீர்கள், கூட வந்த காகிதத்தைப் பிரித்து வைக்காதீர்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எந்தக் காலத்துப் பதக்கம்?

ஜெர்மனி ஒரே பேரரசாக ஆனது 1871-இல். அதற்கு முன்பு பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டெம்பெர்க் என்று தனித்தனி அரசுகள், தனித்தனி விருதுகள். ஒன்றான பிறகும் அந்த அரசுகள் விருது கொடுக்கும் உரிமையை விடவில்லை. முதல் உலகப்போரில் ஹாம்பர்க், பிரேமன், லூபெக் ஆகிய துறைமுக நகரங்கள்கூட ஆளுக்கொரு ஹான்சியாட்டிக் சிலுவை கொடுத்தன. ஆகவே ‘ஜெர்மன் பதக்கம்’ என்று பொதுவாகச் சேர்க்க ஆரம்பித்தால் கரை காண முடியாது. ஒரு போர், ஒரு அரசு அல்லது ஒரே ஒரு பதக்கத்தின் வகைகள் என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை: 1870-71 போரிலிருந்து பேரரசு முடிந்த 1918 வரையிலான காலத்தில் ஆரம்பியுங்கள். நாஜிக் காலத்துப் பக்கம் முதல் சில வருடங்கள் போகவே வேண்டாம். போலிகள் மிக அதிகமாகப் புழங்குவது அங்கேதான். சட்டச் சிக்கலும் உண்டு. ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86-ஏ பிரிவு ஸ்வஸ்திகா போன்ற சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிறது. ஆராய்ச்சி, கல்வி, கலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வீட்டுக்குள் வைத்திருப்பதற்குத் தடை இல்லை. ஏல நிறுவனங்களின் பட்டியல்களில் அந்தச் சின்னத்தின் மேல் மட்டும் ஒரு மறைப்பு இருப்பதைப் பார்க்கலாம், காரணம் இதுதான். ஆஸ்திரியாவிலும் தனிச் சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஜனவரி முதல் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதும் விற்பதும், சில விலக்குகள் தவிர, கூட்டரசுச் சட்டப்படி குற்றம். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்களோ அந்த நாட்டு விதியைப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும். சட்டத்தைத் தள்ளிவைத்தாலும், வரவேற்பறையில் அந்தச் சின்னம் மாட்டியிருந்தால் வீட்டுக்கு வருபவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நான் வாங்குவதில்லை.

ஆரம்பிக்க மூன்று பதக்கங்கள்

முதலாவது, பழகுவதற்கென்றே செய்துவைத்தது போன்ற ஒன்று: ஹிண்டன்பர்க் சிலுவை. உலகப்போரின் கௌரவச் சிலுவை என்பது முறையான பெயர். போர் தொடங்கிய இருபதாவது வருடத்தில், 1934 ஜூலை 13 அன்று குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் பெயரால் ஏற்படுத்தப்பட்டது. ஆட்சி அப்போது நாஜிகளுடையதுதான், ஆனால் இந்தச் சிலுவையில் ஸ்வஸ்திகா கிடையாது. நடுவில் 1914, 1918 என்ற ஆண்டுகளும் சுற்றி இலை வளையமும் மட்டுமே. மூன்று வகை: போர்முனையில் இருந்தவர்களுக்கு வாள்களோடு, மற்றப் படையினருக்கு வாள் இல்லாமல், போரில் இறந்தவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும் கறுப்புப் பூச்சில். விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். அப்படியும் மொத்தம் 80 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் 10 முதல் 25 யூரோவுக்குள் ஒன்று கிடைத்துவிடுகிறது. இந்த விலைக்குப் போலி செய்வது யாருக்கும் கட்டாது. பின்பக்கத்தில் செய்தவரின் முத்திரை இருக்கும். அதை வைத்து முத்திரை படிக்கப் பழகலாம்.

இரண்டாவது, 1870-71 பிரெஞ்சுப் போரின் நினைவுப் பதக்கம். போரிட்டவர்களுக்கானது வெண்கலம், உடன் சென்ற போரிடாதவர்களுக்கானது எஃகு. அந்த வெண்கலம் பிரெஞ்சுப் படையிடம் பிடித்த பீரங்கிகளை உருக்கி எடுத்தது. நாணயத்தின் விளிம்பைப் பார்ப்பதுபோல் பதக்கத்தைத் திருப்பிப் பிடித்தால் ‘கைப்பற்றிய பீரங்கியிலிருந்து’ என்று ஜெர்மனில் எழுதியிருக்கும். தேய்ந்த விளிம்பில் சாய்வான வெளிச்சம் விழும்போது அந்த எழுத்துகள் எழுந்து வரும் பாருங்கள், அதற்காகவே ஒன்று வாங்கலாம். சிலவற்றின் நாடாவில் சண்டை நடந்த ஊரின் பெயரோடு பித்தளைப் பட்டைகள் இருக்கும். அவை 1895-இல், போரின் 25-ஆம் ஆண்டையொட்டி வந்தவை. பட்டை கூடினால் விலை கூடும். எனவே பின்னால் யாரோ சேர்த்து மாட்டியவையும் ஏராளம்.

மூன்றாவதுதான் எல்லோரும் தேடி வருவது, 1914 இரும்புச் சிலுவை. நெப்போலியனை எதிர்த்த போரில், 1813-இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரீட்ரிக் வில்ஹெல்ம் இதைத் தொடங்கினார். வடிவத்துக்கு இறுதி உரு கொடுத்தவர் கட்டடக் கலைஞர் ஷிங்கெல். பிறகு 1870, 1914, 1939 என்று ஒவ்வொரு பெரிய போரிலும் மறுபடி உயிர் கொடுத்தார்கள். முதல் உலகப்போரில் இரண்டாம் வகுப்பு ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கும், முதல் வகுப்பு இரண்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கும் போனது. இரண்டாம் வகுப்பு நாடாவில் தொங்கும். முதல் வகுப்பு நாடா இல்லாமல், பின்னால் உள்ள ஊசியால் மார்பில் குத்துவது. 1914 இரண்டாம் வகுப்பு நல்ல நிலையில் சுமார் 40 முதல் 80 யூரோ. போரிட்டவர்களுக்குக் கறுப்பு நாடாவில் வெள்ளைக் கோடுகள், போரிடாதவர்களுக்கு வெள்ளை நாடாவில் கறுப்புக் கோடுகள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானும் அதில் விழுந்தவன்தான். 1870, 1914 சிலுவைகளின் பின்பக்கத்தில் தொடக்க ஆண்டான 1813 பொறித்திருக்கும். 1939-இல் செய்ததிலும் அப்படியே. ஒரு சந்தையில் பின்பக்கத்தை மேலே வைத்து ‘நெப்போலியன் காலம்’ என்று சொன்னார் ஒருவர். நான் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும், ஆசையில் பணப்பையைத் திறந்துவிட்டேன். உண்மையான 1813 சிலுவை சந்தை மேசையில் பழைய ஸ்பூன்களோடு கிடக்காது.

இன்னொன்று: நடுவில் ஓக் இலையும் கீழே 1939 என்ற ஆண்டும் இருந்தால் அது போர்க்காலத்தது அல்ல. மேற்கு ஜெர்மனி 1957-இல் சட்டம் போட்டு, பழைய படைவீரர்கள் ஸ்வஸ்திகா நீக்கிய வடிவத்தை அணியலாம் என்று அனுமதித்தது. அதற்காகப் புதிதாகச் செய்தவை அவை. போலி என்று சொல்லிவிட முடியாது, ஆனால் போர்க்கால விலையும் கொடுக்க முடியாது.

பிரஷ்யாவின் மிக உயர்ந்த போர் விருதான, நீல எனாமல் போட்ட ‘பூர் லெ மெரீட்’ பற்றிக் கேட்பீர்கள். முதல் உலகப்போரில் 700-க்கும் குறைவானவர்களே பெற்றது. சந்தையில் 200 யூரோவுக்கு வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

தேவையானவை: பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் (நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அது), சின்னக் காந்தம், வெர்னியர் அளவி, ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு, புற ஊதா டார்ச். எல்லாம் சேர்ந்து ஒரு சிலுவை விலைக்குள் வந்துவிடும்.

1914 இரண்டாம் வகுப்பு சிலுவை மூன்று துண்டுகளால் ஆனது. நடுவில் கறுப்புப் பூசிய இரும்பு. அதை முன்னும் பின்னும் அணைத்தபடி இரண்டு வெள்ளிச் சட்டங்கள், விளிம்பில் பற்றவைத்திருக்கும். பதக்கத்தைப் பக்கவாட்டில் திருப்பி, விளிம்பை லென்ஸின் கீழ் மெதுவாக ஓட்டுங்கள். அந்தப் பற்றுக்கோடு தெரிய வேண்டும். நன்றாக வேலை செய்ததில் மயிரிழைபோல இருக்கும். மலிவான நகலில் கோடே இருக்காது, ஏனென்றால் மொத்தமும் ஒரே வார்ப்பு. நடுவைக் கறுப்புப் பெயிண்டால் அடித்திருப்பார்கள். பெயிண்ட் சட்டத்தின் உள் மூலைகளில் வழிந்து தேங்கியிருக்கும். அசலில் இரும்பும் வெள்ளியும் தனித்தனி என்பதால் இரண்டுக்கும் நடுவே கத்தி முனைபோல ஒரு இடைவெளி தெரியும்.

அடுத்து, சட்டத்தின் உள் ஓரத்தில் ஓடும் மணி வரிசையைப் பாருங்கள். அச்சில் அடித்ததில் ஒவ்வொரு மணியும் தனித்து நிற்கும். அசலிலிருந்து அச்சு எடுத்து வார்த்ததில் மணிகள் ஒன்றோடொன்று குழைந்திருக்கும், பரப்பில் ஊசி குத்தியதுபோல் நுண்குழிகள் தெரியும். வார்ப்பு ஆறும்போது சற்றுச் சுருங்கும், அதனால் அளவும் அசலைவிட ஒரு பொடி குறைவாக வரும். அளவி தேவைப்படுவது அதற்குத்தான்.

காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். போலி செய்பவருக்கும் இரும்பு கிடைக்கும். அசலிலேயே காந்தம் ஒட்டாத உள்தகடு போட்டவை சில உண்டு. நாடா வளையத்தில் செய்தவரின் குறி, வெள்ளியாக இருந்தால் 800 என்ற எண் இருக்கலாம். 1000-க்கு 800 பங்கு வெள்ளி என்று பொருள். குறியே இல்லாத அசலும் உண்டு, குறி வைத்த போலியும் உண்டு.

புற ஊதா டார்ச் நாடாவுக்கு. போருக்குப் பிந்தைய நூலில் சேர்க்கும் வெண்மையூட்டிகள் அந்த ஒளியில் நீலமாக மின்னும். பழைய நூல் மங்கலாகவே நிற்கும். ஆனால் பாட்டி யாராவது அந்த நாடாவை சோப்புப் பொடியில் அலசியிருந்தாலும் மின்னும். நாடா புதிது என்பதால் சிலுவையும் புதிது என்று ஆகிவிடாது.

கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்

பிரிட்டிஷ் படையில் இருந்த தாத்தாவின் பதக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் விளிம்பைப் பாருங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்களில் வீரரின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். ஜெர்மன் வழக்கம் அப்படி இல்லை. பதக்கம் ஊமை. யாருக்குக் கொடுத்தது என்பது கூட வந்த சான்றிதழில் மட்டுமே இருக்கும். சான்றிதழ் பிரிந்துபோனால் அந்த மனிதரும் போய்விட்டார்.

நமக்குப் பழக்கமான ஒரு உதாரணம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன எம்டன் கப்பல், தமிழில் ‘அவன் பெரிய எம்டன்’ என்ற பேச்சையே விட்டுச் சென்றது. கப்பல் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் முதல் வகுப்பு இரும்புச் சிலுவை பெற்றார். அவருடைய ஆட்களில் பலருக்கு இரண்டாம் வகுப்பு. அந்தச் சிலுவைகளும் மற்ற 50 லட்சத்தைப் போலவேதான் இருக்கும், எம்டன் என்று எங்கும் எழுதியிருக்காது. ஆகவே யாராவது ‘எம்டன் மாலுமியுடையது’ என்று இரண்டு மடங்கு கேட்டால், காகிதம் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் சாதாரண விலை, அவ்வளவுதான்.

காகிதம் இருந்தால் நிலைமையே வேறு. பெயர், பதவி, படைப்பிரிவு, தேதி, முத்திரை எல்லாம் கிடைக்கும். ஆனால் எல்லோரையும் தேடிப் பிடிக்க முடியாது. பிரஷ்யப் படையின் ஆவணங்கள் பெரும்பாலும் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் மீது விழுந்த குண்டுகளில் எரிந்துவிட்டன. பவேரியாவின் படைப் பதிவேடுகள் மியூனிக்கில் பிழைத்தன. அதில் ஒரு சிப்பாயின் ஊர், தொழில், பெற்றோர் பெயர், எங்கே காயம்பட்டார் என்பதுவரை பார்க்கலாம். வூர்ட்டெம்பெர்க் ஆவணங்கள் ஸ்டுட்கார்ட்டிலும், பாடன் ஆவணங்கள் கார்ல்ஸ்ரூவிலும் உள்ளன. அதனால் ஒரே விலையில் ஒரு பிரஷ்யச் சான்றிதழும் ஒரு பவேரியச் சான்றிதழும் எதிரே இருந்தால் நான் பவேரியாவைத்தான் எடுப்பேன்.

எங்கே வாங்குவது? பதக்கங்களுக்கென்றே உள்ள வணிகர், திருப்பிக் கொடுத்தால் பணம் தருவதாக எழுதிக் கொடுப்பவர் என்றால் முதல் இரண்டு மூன்றை அவரிடம் வாங்குங்கள். பத்து யூரோ கூடினாலும் பரவாயில்லை. உறுதியான அசல் ஒன்று கையில் இருந்தால்தான் மற்றதை ஒப்பிட முடியும். பழம்பொருள் சந்தை அப்புறம். இணையத்தில் என்றால் முன், பின், பக்கவாட்டு விளிம்பு, வளையம் என்று நான்கு படமாவது கேளுங்கள். விளிம்புப் படம் அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

ஐந்தாறு பதக்கங்களை ஒரே பட்டையில் தைத்த தொகுப்புகள் வரும். ஒரே மனிதர் மார்பில் இருந்தவை அவை. பின்பக்கத் துணியும் தையலும் பழையவைதானா என்று பாருங்கள். வாங்கிய பிறகு, ‘இதில் ஒன்று மட்டும் அழகாக இருக்கிறதே’ என்று பிரித்துவிடாதீர்கள்.

வீட்டில் வைப்பது

வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். இரும்பைத் தின்பது ஈரம். நாடாவை வெளுக்க வைப்பது வெளிச்சம். மூன்றையும் தடுத்தால் போதும்.

கந்தகம் எங்கிருந்து வரும் என்று கேட்டால், பெரும்பாலும் நாம் ஆசையாக வாங்கிய பெட்டியிலிருந்தேதான். கம்பளித் துணி, ரப்பர், சில சாயம் போட்ட வெல்வெட் ஆகியவற்றில் அது இருக்கிறது. பிளைவுட்டும் எம்.டி.எஃப். பலகையும் அமில ஆவி விடும். பி.வி.சி. உறைகள் நாளாக ஆகப் பிசுபிசுத்துப் பச்சைக் கறை ஏற்றும். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973-இல் இதற்கு ஒரு சோதனை வகுத்தார். காட்சிப் பெட்டிக்கான துணியையோ பலகையையோ வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளோடு குடுவையில் அடைத்து, சற்று ஈரத்துடன் 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். உலோகம் நிறம் மாறினால் அந்தப் பொருள் வேண்டாம். வீட்டில் அவ்வளவு முடியாது. ஒரு ஊறுகாய்ப் பாட்டிலை நன்றாகக் கழுவி, துணித் துண்டையும் துலக்கிய வெள்ளித் துணுக்கையும் ஈரப் பஞ்சையும் போட்டு இறுக மூடி ஒரு மாதம் விடுங்கள். ஓரளவு தெரிந்துவிடும்.

சுவரில் மாட்டும் கண்ணாடிப் பெட்டி குறைந்தது மூன்று சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். கண்ணாடி பதக்கத்தில் படக் கூடாது. உள்ளே அமிலமில்லாத அட்டை, அதன் மேல் கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய சாயமிடாத பருத்தித் துணி. நான் மாட்டுவது இப்படி: சிலுவையைத் துணியின் மேல் படுக்க வைத்து, கீழ்க் கையின் இரு பக்கமும், பக்கக் கைகளின் அடியிலும் துருப்பிடிக்காத எஃகு ஊசிகளைச் சாய்வாகக் குத்துகிறேன். ஊசியின் மேல் மெல்லிய பாலித்தீன் குழாய்த் துண்டைச் செருகிவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசாது. எடை முழுக்க ஊசிகளில் நிற்க வேண்டும். நூறு வருடத்து நாடா அதைச் சுமக்கக் கூடாது. நாடாவின் மேல் முனையை வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாக ஒரு சுற்று, அவ்வளவே. பசை, இரட்டைப் பக்க டேப், பசைத் துப்பாக்கி எதுவும் கிட்டே வரக் கூடாது. நாடா இல்லாமல் வந்த பதக்கத்துக்குப் புது நாடா போடலாம், ஆனால் புதிது என்று பெட்டியின் பின்னால் எழுதி வையுங்கள். நாளைக்கு இதை வாங்கப் போகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

பெட்டியை வெயில் விழாத உள்சுவரில் மாட்டுங்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் ஒட்டிய சுவர் வேண்டாம். விளக்கு வேண்டுமென்றால் பெட்டிக்கு வெளியே எல்.இ.டி. துணிப்பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் அளவு 50 லக்ஸ், அதாவது மங்கலான மாலை வெளிச்சம். வரவேற்பறையில் அது நடக்காது என்பதால் நான் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பதக்கங்களை மாற்றிவிடுகிறேன். பாதி இழுப்பறையில் இருட்டில் ஓய்வெடுக்கும்.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து பெரிய தலைவலி. பெட்டியின் மூலையில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பத மானியும் வையுங்கள். 50 சதவீதத்தைச் சுற்றி நிறுத்தப் பாருங்கள், 60-ஐத் தாண்டினால் ஜெல்லைக் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். பூச்சுத் தேய்ந்த இரும்புக்கு நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகத் தடவலாம். என் முதல் சிலுவை இப்போது அப்படித்தான் உயிரோடிருக்கிறது. எனாமல் உதிர்ந்திருந்தால் உதிர்ந்தபடியே இருக்கட்டும். தூசிக்கு மெல்லிய தூரிகை போதும். வெறுங்கையால் எடுத்தால் விரல் ரேகை நிரந்தரமாகப் பதியும், நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

சான்றிதழின் அசலைச் சுவரில் மாட்டாதீர்கள். நல்ல வண்ண நகல் எடுத்து அதைப் பதக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அசலைப் பாலியெஸ்டர் உறையில் போட்டு இருட்டில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், எப்போது, எங்கே, என்ன விலைக்கு வாங்கினீர்கள், எடை, அளவு, முன்பின் படங்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகம் ஆரம்பித்துவிடுங்கள். எண்ணைப் பதக்கத்தில் எழுதாமல் ஒரு சீட்டில் எழுதி நூலில் கட்டுங்கள்.

என் கூடத்துச் சுவரில் இப்போது இருப்பது, கறுப்புப் பூச்சுப் போட்ட ஒரு ஹிண்டன்பர்க் சிலுவை. இருபது யூரோவுக்கும் குறைவாகக் கிடைத்தது, நான்காக மடித்த காகிதத்தோடு. பக்கத்தில் அந்தக் காகிதத்தின் நகல். அச்சடித்த வரிகளுக்கு நடுவே ஒரு தாயின் பெயரைப் பழைய ஜெர்மன் கையெழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்க எனக்கு இரண்டு மாலை ஆயிற்று. மகனின் பெயர் அதில் எங்கும் இல்லை. அவர்கள் ஊர் பவேரியாவில் இருப்பதால் மியூனிக்குக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.